நான் அடித்துவிட்ட வரி

நீலகிரித் தைல வாசனை இன்னும் போகவில்லை. போன மாதம் உன் அண்ணன் மன்னார்புரத்திலிருந்து வந்து, ஒரு பழைய பிஸ்கட் டின்னைக் கூடத்து மேஜைமேல் வைத்தார். "இது என்னன்னு எங்க வீட்ல யாருக்கும் தெரியலைங்க. தூக்கிப் போடவும் மனசு வரலை. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்" என்றார். மூடியைத் திறந்தபோது முதலில் வந்தது அந்த வாசனைதான். கடைசி ஒரு வருடம் நீ கைக்குட்டையில் தெளித்து முகர்ந்துகொண்டே இருந்தாயே, அது. இப்போதும் டின்னைத் திறந்து வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

கைக்குட்டைக்கு அடியில் நம்முடைய சோதனைத் திரை இருந்தது. உள்ளங்கை அளவு திரை. அதன் முதுகில் சீட்டுக்கட்டு அளவில் ஒரு கணினிப் பலகை. உன் அண்ணன் போனபின் அதற்கு மின்சாரம் கொடுத்தேன். கொஞ்ச நேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு படம் வந்தது. ராஜகோபுரம், தலைகீழாக. அதன் பக்கத்தில் மாம்பழ மஞ்சள் புடவையில் நான், நானும் தலைகீழாக.

நீ கடைசியாக எப்படி விட்டாயோ அப்படியே அது விழித்துக்கொண்டது. எதற்காகத் தலைகீழாக விட்டாய் என்று புரிய எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. புரிந்த நாளிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

பள்ளிக்கூடத்தில் எனக்கு நீ வைத்த பெயர் ஃபேர்நோட்டு. எல்லோருடைய ரஃப் நோட்டையும் வாங்கி, அடித்தல் திருத்தல் இல்லாமல் முத்து முத்தாக எழுதிக் கொடுப்பேன் என்பதால். ப்ளஸ் டூ முடிந்ததும் நீ இன்ஜினியரிங் போனாய். நான் கல்யாணமாகி ஸ்ரீரங்கத்துக்கு வந்தேன். இருபது வருடம் கழித்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் பூக்கடைப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால் ஒரு குரல். "ஏய் ஃபேர்நோட்டு!" அந்தப் பெயரைச் சொல்ல உலகத்தில் உன்னைத் தவிர யாரும் கிடையாது. திரும்புவதற்கு முன்பே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அடுத்த வாரமே வீட்டுக்கு வந்தாய். என்ன வேலை என்று என் மாமியார் கேட்டார். டிரைவர் எழுதுவதாகச் சொன்னாய். மாமியார் உன்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எந்த ரூட்டும்மா ஓட்டறே?" என்றார்.

"ரூட்டெல்லாம் இல்லைங்கம்மா. உக்காந்த இடத்துலேயே ஓட்டுறேன்" என்றாய், கொஞ்சமும் சிரிக்காமல்.

கம்ப்யூட்டருக்கும் திரைக்கும் நடுவில் நின்று, இது சொல்வதை அதற்குப் புரியும்படி சொல்லும் நிரலுக்குத்தான் அந்தப் பெயர் என்று அப்புறம் எனக்கு விளக்கினாய். சிறிய திரைகளுக்கான ஒரு டிரைவருக்கு நீ பொறுப்பாளர். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தும் பொது நிரல் அது. யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம்.

அன்றைக்குத்தான் சமையலறைக் கதவில் நான் ஒட்டியிருந்த தாளைப் பார்த்தாய். வீட்டில் யாருக்கு எது ஆகாது என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன். அரிசி கூடாது, உப்பு குறைவு, சர்க்கரை கூடாது, காரம் கூடாது என்று நான்கு கட்டங்கள். ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே டிக்.

"இதை யாருடி உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

"யார் சொல்லிக் குடுக்கணும்? ஆளுக்கொரு தளிகை. எழுதி வெச்சுக்கலேன்னா மறந்து போயிடும்."

"இதுக்குப் பேரு பிட்மாஸ்க். இதுக்குத்தான் எனக்குச் சம்பளம் குடுக்குறாங்க" என்று என் கையிலிருந்த பென்சிலைப் பிடுங்கினாய். முதல் கட்டத்தின் தலையில் ஒன்று என்று எழுதினாய். அடுத்ததில் இரண்டு, அடுத்ததில் நான்கு, கடைசியில் எட்டு. "டிக் இருக்குற கட்டத்தையெல்லாம் கூட்டு. அரிசி, உப்பு, காரம். பதினொண்ணு. பதினொண்ணுன்னு சொன்னா உன் மாமியாரே வந்து நிப்பாங்க. ஆறுன்னா உப்பும் சர்க்கரையும், உன் வீட்டுக்காரர். எதை எதோட கூட்டினாலும் ஒரு எண்ணுக்குள்ள ஒரு ஆள்தான் இருக்க முடியும்."

கூடத்திலிருந்து மாமியார் குரல் வந்தது. "யாரு பதினொண்ணு? அந்தப் பொண்ணுக்குக் காபி குடுத்தியாடி?"

என் இருபது வருட அடுப்படிக்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்று தெரிந்துகொண்டேன். அந்தச் சந்தோஷத்தை உன்னிடம் நான் சொன்னதே இல்லை.

நிரல் எழுதும் கை உனக்கு. அதை விளக்கி எழுதச் சொன்னால் ஓடாது. நூலகத்துப் புத்தகங்களையும் அகராதியையும் வைத்துக்கொண்டு நானாகக் கற்ற ஆங்கிலத்தை நம்பி, விளக்கக் குறிப்புகளை என்னிடம் கொடுத்தாய். புதன்கிழமைதோறும் தளிகையை முடித்து, பெருமாளைச் சேவித்துவிட்டு, சத்திரத்தில் பஸ் மாறி மன்னார்புரம் வருவேன். உன் அறையில் மாதா படத்துக்குக் கீழே எனக்கென்று ஒரு நாற்காலி. ஒரு வருடத்தில் உன் நிரலை எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றேன். இரண்டாவது வருடத்தில் நீ விட்ட கமாவைக் கண்டுபிடித்தேன். "என் பொழப்புக்கு உலை வெச்சிருவ போலிருக்கே" என்று பயந்தமாதிரி நடித்தாய்.

திரையை எந்தப் பக்கம் திருப்புவது என்பது ஒரு சின்ன விஷயம். நேராக, கால் சுற்று, அரைச் சுற்று, முக்கால் சுற்று. அப்புறம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாற்றுவது, மேல்கீழ் மாற்றுவது. மொத்தம் ஆறு கட்டங்கள். சோதனைக்கு ராஜகோபுரத்தின் படத்தை நீதான் வைத்தாய். முதல் தடவை அதைத் தலைகீழாகப் பார்த்ததும் நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

"அபசாரம்டி! பெருமாள் கோபுரத்தை இப்படியா நிறுத்தறது?"

"உன் பெருமாளே படுத்துக்கிட்டுத்தான பாக்குறாரு. அவருக்கு இது எந்தப் பக்கம் தெரியும்னு உனக்குத் தெரியுமா?"

இன்றுவரை தெரியவில்லை. ஆனால் கோபுரத்தில் ஒரு குறை இருந்தது. இடவலம் மாற்றினால் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி. அதற்காக ஒரு நாள் என்னைத் தெற்கு வாசலுக்கு இழுத்துக்கொண்டு போய், கோபுரத்துக்கு இடது பக்கம் வெயிலில் நிறுத்தி, போட்டோ எடுத்தாய். "இனிமே கோபுரத்தைப் பாக்க வேண்டாம். நீ எந்தப் பக்கம் நிக்குறன்னு பாத்தாப் போதும்" என்றாய்.

இனி நான் எழுத வேண்டியதை எழுதுகிறேன்.

அந்த ஆறு கட்டங்களையும் விளக்கும் அட்டவணையை நான் செய்தேன். உன் நிரலில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பூஜ்யம் முதல் ஐந்து வரை ஓர் எண் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரே வாக்கியத்தை ஆறு தடவையும் ஒட்டி வைத்திருந்தாய்: 'இந்த எண் கட்டம் நிற்கும் இடம் மட்டுமே, அனுப்ப வேண்டிய மதிப்பு இது அல்ல.' எனக்கு அது அழுக்காகத் தெரிந்தது. ஃபேர்நோட்டு அல்லவா நான். ஆறையும் அடித்தேன். ஒன்றையாவது மேலே வைத்திருக்கலாம், வைக்கவில்லை. எண் வரிசையின் தலையில் 'மதிப்பு' என்று ஒரே சொல்லாக அழகாக எழுதினேன்.

"அதையெல்லாம் ஏன் எடுத்துட்ட?" என்று கேட்டாய்.

"ஒண்ணையே ஆறு தரம் சொன்னா, படிக்கறவாளை அசடுன்னு நினைக்கற மாதிரி இருக்கு."

"படிக்கிறவங்க நம்ம பக்கத்துல உக்காந்திருக்க மாட்டாங்கடி" என்றாய். இன்னும் ஏதோ சொல்ல வந்தாய், இருமல் வந்துவிட்டது. அது அடங்கியதும், "சரி, நீ பாத்துட்டல்ல. போதும்" என்றாய். நீ திரும்பப் படித்துப் பார்க்கவில்லை. நான் பார்த்தால் போதும் என்று நம்பினாய்.

என்ன தப்பு என்று எனக்குச் சமையலறைத் தாளை வைத்துக்கொண்டுதான் விளங்கியது. நிரல் எழுதும் நீங்கள் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் காரத்தின் இடம் மூன்று. ஆனால் அதன் மதிப்பு எட்டு. யாராவது இடத்தையே மதிப்பு என்று எண்ணி மூன்று என்று சொன்னால் என்ன ஆகும்? ஒன்றும் இரண்டும் மூன்று. அரிசி கூடாது, உப்பு குறைவு என்றுதான் அர்த்தமாகும். காரம் மாமியார் இலைக்குத் தாராளமாகப் போய்ச் சேரும். அப்படி ஓர் அட்டவணையைத்தான் நான் உலகத்துக்கு முன்னால் வைத்தேன்.

உன் பேரில்.

அந்த நிரல் உலகத்தில் கையெழுத்து இல்லாமல் எதையும் சேர்க்க மாட்டார்கள். எழுதினது யார் என்று ஒரு பேர் நின்றாக வேண்டும். "உன் பேரைப் போடுறேன்டி, எழுதினது நீதான" என்றாய்.

"எனக்கெதுக்கு அதெல்லாம்? கைங்கரியம்னு நினைச்சுண்டு பண்றேன். நான் பண்ணினேன்னு சொல்லிக்கப்படாது. உன் பேர்லயே போடு."

"அது முறை இல்லடி. கைங்கரியத்துக்குப் பேரு வேண்டாம், ஒத்துக்குறேன். தப்பு வந்தா யாரைக் கேக்குறது?"

"என்னை மிஞ்சி என்ன தப்பு வரப்போறது?" என்று சிரித்தேன். அடக்கம் பேசிய அதே வாயில் அந்தத் திமிரும் வந்ததை நான் அப்போது கவனிக்கவில்லை. பேர் வேண்டாம் என்றது பக்தியால் என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். இப்போது யோசித்தால், பயம். காலேஜ் வாசலை மிதிக்காதவள் எழுதியது என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம். அதற்குப் பெருமாள் பேரைச் சொல்லிக்கொண்டேன். கடைசியில் நீ, "இந்த ஒரு தடவைதான்" என்றாய்.

மார்கழியில், வைகுண்ட ஏகாதசி உற்சவத்தில் பகல்பத்து மூன்றாம் நாள், போன் செய்தாய். கோயிலுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"அந்தத் திருப்புற அட்டவணை இருக்குல்ல, அதை ஒரு தடவை பாத்துரேன். யாருக்கோ புரியலையாம்." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் மூச்சு வாங்கினாய்.

"என்னடி ஜலதோஷம் இன்னும் போகலையா? உற்சவம் முடியட்டும். இராப்பத்து முடிஞ்ச மறுநாள் உக்காந்துடறேன்."

"சரி. உன் பெருமாள் முதல்ல. அவரு கோவிச்சுக்கப் போறாரு."

கேலிதான் செய்தாய். நானும் சிரித்துக்கொண்டே வைத்தேன். வேறு ஒன்றும் நீ சொல்லவில்லை. இராப்பத்து எட்டாம் நாள் கூட்டத்திலிருந்து வெளியே வந்து போனைப் பார்த்தால், உன் அண்ணனின் அழைப்பு ஏழு தடவை. ஆஸ்பத்திரியில் நீ ஐந்து நாளாக இருந்தது அப்போதுதான் எனக்குத் தெரியும். உன் அடக்கத்தன்று சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். என்ன சொல்லி ஜெபிக்கிறார்கள் என்று காதில் விழவில்லை. உற்சவம் முடியட்டும் என்று நான் சொன்னதுதான் திரும்பத் திரும்பக் கேட்டது.

இந்த டின் வந்த பிறகுதான், தலைகீழாக நிற்கும் கோபுரத்தை வைத்து நூல் பிடித்துப் போனேன். திரை எந்த எண்ணில் நிற்கிறது என்று பார்த்தேன். நான்கு. என் அட்டவணைப்படி நான்கு என்றால் இடவலம் மாற்றுவது. உன் நிரல்படி நான்கு என்றால் மூன்றாவது கட்டம், அரைச் சுற்று. நீ என் அட்டவணையைச் சோதித்துப் பார்த்திருக்கிறாய். ஏன் என்று தேடி, உங்கள் பொதுக் கடிதங்களைச் சேர்த்து வைக்கும் இடத்தில் அந்தக் கடிதத்தைப் படித்தேன்.

எங்கோ ஒரு நாட்டில் ஒருவர். அவருடைய அம்மா முதுகுத்தண்டில் அடிபட்டு, மல்லாந்தே படுத்திருக்கிறார். தலை திருப்ப முடியாது. கட்டிலுக்கு மேலே ஒரு கண்ணாடி மாட்டி, சின்னத் திரையை அதில் பிரதிபலிக்க வைத்து, பேரப்பிள்ளைகளின் கடிதங்களை அவர் படிக்கும்படி செய்ய வேண்டும். கண்ணாடியில் நேராகத் தெரிய, திரையில் எழுத்து இடவலம் மாறியிருக்க வேண்டும். அட்டவணையைப் பார்த்து நான்கு என்று அனுப்பினார். எழுத்து தலைகீழாக வந்தது. தன் கம்பியைச் சந்தேகித்தார், திரையைச் சந்தேகித்தார், புதுத் திரை வாங்கினார். மூன்று வாரம். அம்மா தினமும் 'இன்றைக்கும் இல்லையா?' என்று கேட்டாராம். கடைசியில் எழுதியிருந்தார்: 'இந்த விளக்கத்தை எழுதியவர் ஒரு தடவைகூட இதைச் செய்து பார்த்ததில்லை என்று நினைக்கிறேன்.'

சரியாகத்தான் நினைத்தார். நாம் சோதித்ததெல்லாம் 'அரைச் சுற்று', 'இடவலம்' என்று பெயர்களைக் கொடுத்து. என் எண்களை நான் ஒரு தடவைகூட அனுப்பிப் பார்க்கவில்லை.

அதற்குக் கீழே, அதே நாளில், உன் பதில். 'தவறு என்னுடையது. மன்னிக்க வேண்டும். நேராக நிற்க ஒன்று, கண்ணாடிக்குப் பதினாறு. பதினேழு என்று அனுப்புங்கள். அம்மாவை விசாரித்ததாகச் சொல்லுங்கள். அட்டவணையைத் திருத்தி அனுப்புகிறேன்.'

அதன் தேதியைப் பார்த்தேன். எனக்குப் போன் செய்த நாள்தான். 'யாருக்கோ புரியலையாம்' என்று அவ்வளவு லேசாகச் சொல்வதற்கு முன்னால், ஊரறிய என் தப்பை நீ வாங்கி உன் தலையில் வைத்துக்கொண்டிருக்கிறாய். திட்டியிருக்கலாமே. 'என் மானம் போச்சுடி' என்று ஒரு வார்த்தை கத்தியிருந்தால் உற்சவத்தை விட்டுவிட்டு ஓடி வந்திருப்பேனே. வந்திருப்பேனா? நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. அந்த இடத்தில்தான் மனசு திரும்பத் திரும்பப் போய் நிற்கிறது. சன்னதியில் நின்று கேட்கவும் கூச்சமாக இருக்கிறது. அவரையா சாக்குச் சொன்னேன்?

அட்டவணை அப்படியே இருந்தது. நீ திருத்தி அனுப்ப உனக்கு நாள் இல்லை. நான் உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் பின்னால் வந்து நின்று, "உன் பேரை முழுசா போடப் போறியா?" என்றார்.

"ஆமாம்."

"இனிஷியலையும் சேர்த்துப் போடு. பாதிப் பேரா நிக்க வேண்டாம்."

திருத்தம் அனுப்புவதில் ஒரு முறை உண்டு, உனக்குத் தெரியும். எந்தப் பழைய பதிவில் இருந்த தப்பைச் சரிசெய்கிறோம் என்று அதன் அடையாளத்தைச் சொல்ல வேண்டும். அந்தப் பதிவைத் திறந்தால் எழுதியவர் இடத்தில் நீ. அதனால் குறிப்பின் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்த்தேன்: 'முந்தைய பதிவில் இருந்த தவறு அதில் பெயர் போட்டிருப்பவருடையது அல்ல, அதை எழுதியது நான்.' யார் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று, அதற்காக நிரலோடு வரும் உங்கள் கருவியைக் கேட்டேன். பட்டியலில் முதலாவதாக உன் முகவரியைத்தான் கொடுத்தது. எடுக்கக் கை வரவில்லை. உனக்கும் சேர்த்தே அனுப்பினேன்.

நிரலில் அந்தப் பகுதியைக் கவனிக்கும் ஒரு பெண்மணி நான்காம் நாள் பதில் எழுதினார். திருத்தம் சரி என்றார். கடைசி வாக்கியத்தை மட்டும் எடுத்துவிடச் சொன்னார். என்ன மாறியது, ஏன் மாறியது என்பது போதும். யாருடைய தவறு என்பது இங்கே வேண்டாம். பழைய பதிவை இனி யாரும் மாற்ற முடியாது. மரியாதையாகத்தான் சொன்னார். அதோடு ஒரு கேள்வி: 'உங்கள் பொறுப்பாளருக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வருகிறது. அவர் நலமா?'

அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு மறுபடி அனுப்பினேன். சேர்த்துக்கொண்டார்கள். அங்கே சொல்ல விடாததை இங்கே உனக்கு எழுதிவிட்டேன்.

திருத்தம் என்ன என்று நீ கேட்பாய். அட்டவணையின் தலையில் 'மதிப்பு' என்பதை அடித்து 'இடம்' என்று போட்டேன். பக்கத்தில் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று மதிப்பை எழுதினேன். ஒவ்வொன்றையும் இந்தத் திரைக்கு அனுப்பி, நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். மேலே உன் வாக்கியத்தை, நான் அடித்த அதே வாக்கியத்தை, உன் ஆங்கிலத்திலேயே, ஒரு கமாவைக்கூடத் தொடாமல், திரும்ப வைத்தேன்.

அதனால் இப்போது கணக்கு இப்படி நிற்கிறது. என் தப்பு உன் பேரில் இருக்கிறது. உன் வரி என் பேரில் இருக்கிறது. இனி எந்தக் காலத்திலும் இது இப்படித்தான் இருக்கும்.

அந்தப் பெண்மணியின் கேள்விக்கு இரண்டு வாரமாகப் பதில் போடவில்லை. போட்டால், பொறுப்பாளர் பட்டியலிலிருந்து உன் பேரை எடுக்கச் சொல்வார்கள். அதையும் நானேதான் எழுதி அனுப்ப வேண்டியிருக்கும். இன்று புதன்கிழமை. தளிகை ஆயிற்று. டின்னை மூடிவிட்டு அவருக்கு எழுதப் போகிறேன். 'அவள் போய்விட்டாள், அட்டவணைமேல் இருக்கும் வரி அவள் எழுதியது.' இவ்வளவுதான். அதை ஆறு இடத்தில் ஒட்ட வேண்டும் என்று அவர் சொன்னாலும், இந்தத் தடவை ஆறு இடத்திலும் ஒட்டுவேன்.